இருபத்தைந்துக்கு ஆறு

ஒரு சிறுகதைக்கு, கதையோட்டம் என்ற கட்டத்தில், 25க்கு 6 போட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில் "கதை போதவில்லை" என்று எழுதினேன். இரண்டே சொல். எழுதிவிட்டு அடுத்த தாளை எடுக்க ஐந்து விநாடி ஆகியிருக்காது. வாழ்க்கையில் பெரும்பகுதி அச்சகங்களில் பிழை திருத்திச் சாப்பிட்டவன் நான். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவது எனக்குக் கைப்பழக்கம். ஆனால் 'இங்கே ஒற்று மிகும்' என்று நான் குறித்தால், ஏன் மிகும் என்று கேட்கிறவருக்கு விதியைச் சொல்லிவிடுவேன். இந்த இரண்டு சொல்லுக்கு யாராவது விதி கேட்டால் என்ன சொல்வது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அப்புறம் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன வாசகர் வட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, தண்டையார்பேட்டையில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் கூடுவோம். காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர் என்பதால் பதினொரு மணிக்கு முன்னால் எந்த இலக்கியமும் தொடங்காது. இந்த முறை அறிவியல் புனைகதைப் போட்டி வைத்தோம். கதை வடசென்னையில் நடக்க வேண்டும், ஆறு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பரிசு 3,000 ரூபாய். 37 கதைகள் வந்தன. எங்களுக்கே ஆச்சரியம்.

நடுவர்கள் மூன்று பேர். நான், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் ஒரு ஆசிரியர், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு அம்மா. கற்பனை, அறிவியல், கதையோட்டம், மொழி என்று நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் 25. இப்படிக் கட்டம் போட்டது என் யோசனைதான். கதையை நாலாக அறுத்து எடை போட்டுவிடலாம் என்று நான் அப்போது நம்பினேன். மீன் வெட்டுகிற இடத்தில் தலை தனி, நடுக்கண்டம் தனி, வால் தனி என்று கூறு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பழக்கமோ என்னவோ.

வந்ததில் பாதிக்கு மேல் ரோபோ. கடைசி வரியில் 'அவனே ஒரு ரோபோ' என்று முடிந்த கதைகள் மட்டும் ஏழு. இரண்டு கதையில் மணலியிலிருந்து கிளம்பிய வாயு மனிதர்களை வேறு ஏதோவாக மாற்றியது. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வியாசர்பாடியில் இறங்கிக் கால்பந்து ஆடித் தோற்றுப்போன கதை ஒன்று வந்தது. அது நன்றாகவே இருந்தது, இரண்டாம் பரிசு கொடுத்தோம். முதல் பரிசு வாங்கிய கதையில் நாலு திருப்பம் இருந்தது. நான் அதற்குக் கதையோட்டத்தில் 22 போட்டேன். இப்போது அந்தக் கதையில் ஒரு லிஃப்ட் வரும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. 25க்கு 6 வாங்கிய கதையை மட்டும் வரிக்கு வரி சொல்வேன்.

ஆறு பக்கத்தில் ஒரு தெரு

கதை இதுதான். (எழுதிய பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரும் தலைப்பும் வேண்டாம் என்றாள்.) 2084ஆம் ஆண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு வீடு. ஆயா, அம்மா, சித்தி, கதை சொல்லும் பெண் என்று நாலு பேர். ஆயா பிறந்த தெருவைக் கடல் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு மணல் துகள் கடைசியாக வெளிச்சத்தில் கிடந்தபோது அதன்மேல் விழுந்த காட்சியைத் திருப்பிக் காட்டும் கருவி ஒன்று வந்திருக்கிறது. அவள் ஒரு ராத்திரி மெரினாவுக்குப் போகிறாள். ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி அடியிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துவந்து கருவியில் வைக்கிறாள். தெரு தெரிகிறது. மறுபடி வைத்துப் பார்க்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். முடிந்தது.

ஆறு பக்கத்தில் நாலரைப் பக்கம் அந்தத் தெருதான். வலை காயப்போட்ட சுவர். கருவாட்டுக்குக் காவலாக உட்கார்ந்து தூங்கும் கிழவி, அவள் தூங்குகிறாளா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நகரும் பூனை. கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் நிழலில் தாயம் ஆடும் பெண்கள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பிள்ளை சாக்பீஸால் போட்ட ஏரோப்ளேன். அந்த ஏரோப்ளேனுக்கு மூன்று இறக்கை. மூன்றாவது இறக்கை ஏன் என்று கதையில் இல்லை. அதைப் படித்தபோது, நான் ஒருநாளும் போயிராத அந்தத் தெருவில் என் செருப்பை எங்கே கழற்றிப் போட்டேன் என்று தேடுகிற மாதிரி ஆகிவிட்டது. கற்பனைக்கு 24 போட்டேன். மொழிக்கு 23. அடுத்து கதையோட்டம் என்ற கட்டத்துக்கு வந்தேன். பேனா தானாக 6 என்று எழுதியது.

ஏன் ஆறு? பதில் என்னிடம் இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அதனால் ஆறு. ஆனால் அந்த லிஃப்ட் கதையில் என்னென்னவோ நடந்தது. நடந்ததெல்லாம் எங்கே போயிற்று?

மணல் எந்தப் பக்கம் போகும்

மூன்று பேரும் மதிப்பெண்களைக் கூட்ட உட்கார்ந்தபோது இயற்பியல் ஆசிரியர் இந்தக் கதைக்கு அறிவியலில் 2 போட்டிருந்தார். நான் கருவியைப் பற்றித்தான் குறை சொல்வார் என்று நினைத்தேன். "கருவி எப்படி வேணா இருக்கட்டும் சார், அது கதைக்குக் கொடுத்த சலுகை. ஒரு கதைக்கு ஒரு அதிசயம் வச்சுக்கலாம். மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கணும். இந்தப் பொண்ணு மணலைத் தப்பான இடத்துல தோண்டுது" என்றார்.

அவர் சொன்னது வடசென்னையில் வளர்ந்த எல்லோருக்கும் அரைகுறையாகவாவது தெரிந்த விஷயம். நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கேதான் போகிறது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயலில் அது பெருமளவு சேதமானது, மறுபடி கட்டினார்கள். சுவர் நின்றதும் தெற்கிலிருந்து வந்த மணலுக்கு வழி அடைபட்டது. வந்தது வந்த இடத்தில் குவிந்தது. அந்தக் குவியலின்மேல்தான் ஊர் உலகமே போய்ச் சுண்டல் சாப்பிடுகிறது. சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அங்கிருந்த மணல் வழக்கம்போல வடக்கே கிளம்பிப் போனது. அதன் இடத்துக்கு வர வேண்டிய மணல் மட்டும் வரவில்லை. தெருத் தெருவாகக் கடல் உள்ளே வந்தது. பிறகு பாறாங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்பாகத் தூண்டில் வளைவு போட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர்கள் இன்றைக்கும் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரியையும் மறுபக்கம் கல் குவியலையும் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள்.

"அதனால, மெரினாவுல எத்தனை அடி தோண்டினாலும் திருவொற்றியூர்த் தெரு கிடைக்காது சார். அது இந்தப் பக்கம் போகவே இல்ல. இந்தப் பொண்ணு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிருக்கணும்" என்று முடித்தார். 2 என்பது கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் அந்த 2க்குப் பின்னால் ஒரு வரைபடமே இருந்தது. என் 6க்குப் பின்னால் என்ன இருந்தது?

பேராசிரியை அம்மா கதைக்காக வாதாடினார். நெய்தல் பாட்டில் என்ன கதை நடக்கிறது, மாலை வரும், நாரை கத்தும், ஒருத்தி நிற்பாள், அவ்வளவுதானே, அதற்குக் கதையோட்டத்தில் எத்தனை போடுவீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படியேறும்போது வந்தது. நெய்தல் பாட்டில் ஒன்றும் நடக்காதுதான், ஆனால் ஒருவன் வராமல் இருப்பான். அந்த வராமை பாட்டு முழுக்க நின்றுகொண்டிருக்கும். இந்தக் கதையில் யாரும் வராமல் இல்லை. கேட்ட உடனே தெரு வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன். இரவு பத்தேகால் ஆகியிருந்தது, விட்டுவிட்டேன்.

கூட்டிப் பார்த்ததில் அந்தக் கதை ஐந்தாவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான்.

எங்க போதல?

பரிசளிப்பு அன்று எல்லோருக்கும் அவரவர் கதையை, நடுவர் குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்தோம். இதுவும் என் யோசனை. கூட்டம் முடிந்து டீ வந்தபோது ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். பி.காம். இரண்டாம் வருடம். கையில் அந்த ஆறு பக்கம், மேலே என் சிவப்பு மை. கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சார், எங்க போதல?"

நான் பேச ஆரம்பித்தேன். முரண் வேண்டும் என்றேன். உச்சம் என்று ஒன்று வேண்டும் என்றேன். பாத்திரம் மாற வேண்டும், கதை இன்னும் வளர்ந்திருக்கலாம் என்றேன். ஒவ்வொரு சொல்லும் வாயை விட்டு வெளியே வரும்போதே அது எந்தக் கதைக்கும் சொல்லக்கூடிய சொல் என்று எனக்குக் கேட்டது. ஜாதகம் பார்க்கிறவர் 'வீட்டில் ஒரு சின்ன மனக்கஷ்டம் இருக்கிறது' என்று சொல்வது போல. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளர்த்திருக்கலாம்தான் சார். ஆறு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னு நீங்கதானே போட்டிருந்தீங்க" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

அன்றைக்குத் திரும்பி நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் கதையில் என்ன குறையோ அதே குறை என் தீர்ப்பிலும் இருக்கிறது. முடிவு இருக்கிறது, அந்த முடிவுக்கு வந்த வழி இல்லை. அவள் மணலை வைத்தாள், தெரு தெரிந்தது. நான் கதையைப் படித்தேன், 6 தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அவளாவது நாலரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

வாடகை

காசிமேட்டில் எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். சின்ன வயதில் ஒரே கேரம் போர்டில் ஆடியவர்கள். அவர் கதை படிக்க மாட்டார். படிக்கிறவர்களைக் கேலியும் செய்ய மாட்டார், யாராவது சொன்னால் கேட்பார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் பட்டறை வாசலில் உட்கார்ந்து அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் எங்கே தொய்கிறது என்று எனக்கே தெரியும் என்று ஒரு நப்பாசை. தெருவை அவர் ரசித்தார். பூனைக்குச் சிரித்தார். கிரீஸ் துணியில் கை துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சரிப்பா, அந்த மிசினு யார்து? அதுக்கு வாடகை யாரு குட்த்தா?"

நான், இது கதைப்பா, வாடகையெல்லாம் கேட்கக் கூடாது என்றேன்.

"அது இன்னா அப்டி சொல்ற. ஒரு போட்டு கடலுக்குப் போவணும்னா டீசலு, ஐஸு, அரிசி பருப்பு, எல்லாத்துக்கும் எவனாச்சும் காசு போட்டாத்தான் போவும். அந்தப் பொண்ணு சும்மா போச்சு, சும்மா எடுத்துச்சு, சும்மா பாத்துச்சுன்றே?"

சும்மா. நான் தேடிக்கொண்டிருந்த சொல் அது. முரணும் உச்சமும் என்று நான் அவளிடம் அளந்துகொண்டிருந்தபோது சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு சொல்தான். அந்தக் கதையில் எல்லாம் சும்மா கிடைக்கிறது. கருவி சும்மா, மணல் சும்மா, தெரு சும்மா. யாரும் எதையும் கொடுக்கவில்லை, யாருக்கும் எதுவும் குறையவில்லை. நாலு பேரும் பார்க்கிறார்கள், நாளைக்கும் பார்க்கலாம். நிகழ்ச்சிகள் குறைவு என்பது பிரச்சினையே அல்ல. லிஃப்ட் கதையில் நாலு திருப்பமும் சும்மாதான் வந்தன, அதனால்தான் சும்மா போய்விட்டன. அறிவியல் கதை எழுத உட்காரும் நம் ஆட்களில் பாதிப் பேர் செய்கிற காரியம் இது என்று தோன்றுகிறது. ஒரு பிரமாதமான கருவியை உண்டாக்குவோம். அது வேலை செய்கிறது என்று காட்டுவோம். வேலை செய்ததே கதை என்று எழுந்துவிடுவோம். புது மிக்ஸி வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டுகிற மாதிரி. அதில் சட்னி அரைத்தால் யாருக்குப் பரிமாறுவது, யாருக்கு இல்லை என்ற இடத்தில்தானே வீட்டில் சண்டை ஆரம்பிக்கும்?

ஒரே தடவை

இதை இயற்பியல் ஆசிரியரிடம் போனில் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கருவி பாதி நிஜம் சார். அதைச் சொன்னா நீங்க எனக்கு மார்க் குறைப்பீங்கன்னு அன்னிக்கு வாயைத் திறக்கல" என்றார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். நானும் பின்னால் தேடிப் படித்தேன்.

மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் வெளிச்சம் படாமல் மண்ணுக்கடியில் கிடந்தால், சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியத்திலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சு அதன்மேல் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, படிகத்தில் உள்ள குறைகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நாளாக நாளாகச் சிக்கியவை கூடும், உண்டியலில் காசு சேர்கிற மாதிரி. வெயில் பட்டால் உண்டியல் காலி, முதலிலிருந்து ஆரம்பம். ஆகவே இருட்டிலேயே எடுத்த துகளை ஆய்வகத்தில் ஒளியால் தூண்டினால், சிக்கியிருந்தவை விடுபட்டு மங்கலாக ஒரு ஒளி வரும். அதை அளந்து, அந்த மண்ணில் வருடத்துக்கு எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டால், அந்தத் துகள் கடைசியாக வெளிச்சம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். 1985இல் கனடாவில் இருந்த ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். நமக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணூரில் கடலில் சேர்கிற கொசஸ்தலை ஆற்றுப் படுகையில்தான் மேற்கே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863லேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்தில் கற்கருவிகள் கிடைத்த இடம். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் அங்கே தோண்டி எடுத்த மண்ணை இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒளிர்வு முறையால் கணித்து, ஒருவகைக் கற்கருவி மரபு அங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். மண் எடுக்கும்போது வெளிச்சம் படாத குழாயை அடித்து இறக்கித்தான் எடுக்க வேண்டும். ஆய்வகத்திலும் மங்கலான சிவப்பு விளக்குதான். பழைய போட்டோ ஸ்டுடியோ இருட்டறை போல.

அவர் சொன்னதில் ஒன்று என்னை எழுந்து உட்கார வைத்தது. துகளைப் படிப்பதற்கே ஒளி வேண்டும். ஒளி பட்டதும் சேர்ந்திருந்தது போய்விடும். மறுபடி கதிர்வீச்சு கொடுத்து அதே துகளைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம், அப்படித்தான் அளவு சரிபார்க்கிறார்கள். ஆனால் மண்ணுக்கடியில் கிடந்து சேர்த்துவைத்தது போனது போனதுதான். ஒரு துகளை ஒரே தடவைதான் படிக்க முடியும்.

அவள் கருவியின் வாடகை இதுதான். வெளியிலிருந்து ஒரு வில்லனையோ விபத்தையோ கொண்டுவந்து கதையை 'வளர்க்க' வேண்டியதே இல்லை. பார்த்தால் அழியும் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அவள் கதையில் அந்தப் பெண் இரண்டாவது தடவை மணலைக் கருவியில் வைத்தாளே, அந்த வரியில்தான் கதை போதாமல் போனது. எங்க போதல என்று கேட்டாளே, நாலாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. அந்த வரிக்கு நேராக நான் குறித்திருக்க வேண்டும். நான் குறித்தது முதல் பக்கத்தின் உச்சியில்.

ஒரு கெட்ட காரியம்

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அன்று ராத்திரி உட்கார்ந்து அவளுக்காக ஒரு கதை யோசித்தேன். யோசித்தேன் என்ன, இரண்டு பக்கம் எழுதியே விட்டேன். அவள் மெரினாவில்தான் தோண்டுகிறாள். கருவியில் வைக்கிறாள். ஒன்றுமே இல்லை, கடல் மட்டும் தெரிகிறது. ஏனென்றால் அது திருவொற்றியூருக்கு வந்திருக்க வேண்டிய மணல், வழியில் நிறுத்தப்பட்டது. அது அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. அந்தத் தெரு போனதற்கு அது வராததுதான் காரணம். பேராசிரியை அம்மா கேட்ட நெய்தல் வராமை, இயற்பியல் ஆசிரியரின் வரைபடம், எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலை ஆறு மணிக்கே அவளுக்குச் செய்தி அனுப்பினேன், பேச வேண்டும் என்று.

திருவொற்றியூரில், பட்டினத்தார் கோயில் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்து பேசினோம். கடற்கரையில் பிள்ளைகளோடு மணலில் மூடி மூடி விளையாடிக்கொண்டிருந்தவர் அப்படியே லிங்கமாகிவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெளிச்சம் படாத மணலைப் பற்றிப் பேச நல்ல இடம்தான். அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஆறு மதிப்பெண்ணுக்காக அல்ல, அதை நான் இன்றைக்கும் மாற்ற மாட்டேன். இரண்டு சொல்லோடு விட்டதற்காக. அப்புறம் ஒன்பதாவது வரியைச் சொன்னேன். துகளை ஒரு தடவைதான் படிக்கலாம், அலையில் உருளும்போது வெயில் பட்டாலே இருந்தது அழிந்துவிடும், மணல் போவது முகத்துவாரத்துப் பக்கம், எல்லாம் சொன்னேன். அவள் தாளை விரித்து அந்த வரிக்கு நேராகப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். நான் அத்தோடு எழுந்து வராமல் என் இரண்டு பக்கத்தையும் எடுத்து வாசித்தேன்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "நல்லா இருக்கு சார். ஆனா இது உங்க கதை. என் கதைல தெரு தெரியணும். தெரியலன்னா அப்புறம் நான் எதுக்கு சார் எழுதணும்?"

எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, ஒப்புக்கொள்கிறேன். இலவசமாக ஒரு முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே என்று. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டை வரும்வரை அந்தச் சுணக்கம் இருந்தது. கதை எங்கே நிற்கிறது என்று காட்டுவதோடு நடுவரின் வேலை முடிந்தது. தள்ளிவிடப் போனால் வண்டி நம் பக்கம் திரும்பிவிடுகிறது. அச்சகத்தில் முதல் வருடமே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், பிழையைக் குறி, வாக்கியத்தை மாற்றாதே என்று. வயதாக ஆக அது மறந்துபோகிறது போல.

ஒன்பது நாள் கழித்து, ராத்திரி, வாட்ஸப்பில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் குக்கர் விசில் சத்தம்.

"சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. மணல் முகத்துவாரத்துப் பக்கம்தான் போவும்னு அந்த சார் சொன்னாருல்ல, அங்க மாத்திட்டேன். அப்புறம், வெயில் பட்டா அழிஞ்சிடும்னு சொன்னீங்க. எங்க தெரு ராத்திரிலதான் சார் போச்சு, புயல்ல. அப்ப அந்த ராத்திரியே கிளம்பிப் போயி, விடியறதுக்குள்ள எங்கயாச்சும் அடியில மாட்டிக்கிட்ட மணல்ல மட்டும்தான் தெரு இருக்கும். அது ரொம்ப இருக்காது. எவ்ளோ தேடியும் மூணே மூணு கிடைச்சுதுன்னு வச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. குக்கர் மறுபடி கத்தியது.

"வீட்ல நாலு பேரு சார்."